'நான் யாருன்னு தெரியுமா?' என்பதற்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை... அதற்கு ஒரு 'சேலம்' கனெக்‌ஷன்!

சேலம் பஸ் ஸ்டாண்டோ, நாமக்கல் ரேஷன் கடையோ... வரிசை நீளமாக இருக்கும். பின்னாலிருந்து ஒருவர் எல்லோரையும் இடித்துக்கொண்டு முன்னால் வருவார். கேட்டால், "நான் யாருன்னு தெரியுமா?" என்பார். இந்த ரகத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை இருக்கிறது. 'பம்ப்ஷியஸ்'.

வெறும் கர்வம் இல்லை இது. கர்வக்காரர் தன் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். பம்ப்ஷியஸ் ஆசாமி, அதை அடுத்தவர் மேல் இடித்துக் காட்டுவார்.

வார்த்தை எப்படி வந்தது?

வயது சுமார் 200 வருடம். 'பம்ப்' என்றால் இடிப்பது, முட்டுவது. அதோடு, சண்டைக்குணத்தைக் குறிக்கும் 'ஃப்ராக்‌ஷியஸ்' என்ற சொல்லின் வாலை யாரோ விளையாட்டாக ஒட்டிவிட்டார்கள் என்பது அகராதிக்காரர்களின் கணிப்பு.

சார்லஸ் டிக்கன்ஸும் 1850-ல் புத்தகமாக வந்த 'டேவிட் காப்பர்ஃபீல்டு' நாவலில் இதைப் பயன்படுத்தியிருக்கிறார். அதில் ஒரு வாத்தியார், பொருந்தாத விக்கை மாட்டிக்கொண்டு பந்தா பண்ணுவார். பின்னால் அவருடைய சொந்தச் செம்பட்டை முடி எட்டிப்பார்க்கும். அவரை பசங்க கிண்டலடிக்கும் இடத்தில்தான் இந்த வார்த்தை வருகிறது. அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயர் என்ன தெரியுமா? 'சேலம் ஹவுஸ்'! நம்ம ஊருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது பைபிளில் வரும் சேலம்.

தமிழில் என்ன சொல்லலாம்?

கொங்கு வட்டாரத்தில் குசும்பு, லொள்ளு எல்லாம் உண்டு. ஆனால், அவற்றில் சிரிப்பு கலந்திருக்கும். இதற்குச் சரியான ஜோடி, திமிர். இந்தச் சொல்லுக்கு உணர்ச்சியில்லாமல் மரத்துப்போவது என்றும் பொருள் உண்டு. பக்கவாதத்தைத் 'திமிர்வாதம்' என்பது அதனால்தான். அடுத்தவர் வலி உறைக்காத நிலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

'பகுமானம்' என்றால் முதலில் பெரிய மரியாதை. இப்போது, தானே எடுத்துக்கொள்ளும் மரியாதை! 'ஆணவம்' இன்னும் சுவாரஸ்யம். சைவ சித்தாந்தம் சொல்லும் மும்மலங்களில் ஒன்றான இது, 'அணு' என்ற சொல்லிலிருந்து வந்தது. தன்னைப் பெரிதாக நினைப்பவரை அணுவாகச் சுருக்கிவிடும் குணம்.

பட்டத்தை உதறிய ஊர்

'நான் யார் தெரியுமா' என்பதற்குப் பதிலாகப் பெயரோடு பட்டங்களைச் சுமந்த காலம் ஒன்று இருந்தது. 1944 ஆகஸ்ட் 27 அன்று நீதிக்கட்சி, திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது நம்ம சேலத்தில்தான். அந்த மாநாட்டில் வந்த அண்ணாதுரை தீர்மானம், ஆங்கிலேய அரசு தந்த ராவ் பகதூர் போன்ற பட்டங்களைத் துறக்கச் சொன்னது. பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தையும் எடுக்கச் சொன்னது.

யாருக்குத் திமிர்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மீதிச் சில்லறையைக் கேட்கும் பெண்ணையும், கிராம சபையில் எழுந்து கணக்குக் கேட்கும் இளைஞரையும் "என்ன திமிரு பாரு" என்றுதான் சொல்கிறார்கள். அமெரிக்காவில் உரிமை கேட்ட கறுப்பின மக்களை மட்டம் தட்டவும் 'அப்பிட்டி' என்று இதே மாதிரி ஒரு வார்த்தை இருந்தது.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது? 'அரகன்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேர் வழிகாட்டுகிறது. தனக்கு உரியதல்லாததைத் தனக்கென்று கோருவது என்பது அதன் பொருள். வரிசையில் அடுத்தவர் இடத்தைப் பிடுங்கினால் திமிர். தன் இடத்தை விட்டுக்கொடுக்காமல் நின்றால், அதற்குப் பெயர் சுயமரியாதை.

அடுத்த முறை ஒருவரை 'திமிர் பிடிச்சவ' என்று சொல்லும் முன், அவர் கேட்டது யாருடையது என்று ஒரு நொடி பார்த்துவிடுங்கள், மக்களே!