பால் கவர், மாப் கட்டை, ஒரு ஃபோர்க்!

உங்கள் பைக்கின் முன்சக்கரத்துக்கு மேலே பளபளவென்று இரண்டு வெள்ளிக் குழாய்கள் இறங்குகின்றன அல்லவா? அதில் ஆள்காட்டி விரலை வைத்து மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுங்கள். விரல் காய்ந்து வந்தால் சந்தோஷம், பக்கத்தைப் புரட்டி ஜோக் படிக்கப் போகலாம். கறுப்பாக, பிசுபிசுவென்று ஏதாவது ஒட்டினால் இங்கேயே உட்காருங்கள். உங்கள் வண்டிக்கு மூக்கு ஒழுகுகிறது.

'ஒழுகினால் என்ன சார்? வண்டி ஓடுதே!' என்பது ஆபீஸ் போகிற நம் இனத்தின் வழக்கமான பதில். ஓடும். நிற்பதில்தான் தகராறு! டிஸ்க் பிரேக் வண்டியில் அந்த எண்ணெய் வழிந்து பிரேக் பேடு வரை போய்விட்டால், அது எண்ணெயைக் குடித்துவிட்டு உட்காரும். துடைத்தாலும் பழைய பிடிப்பு வராது. அவசரமாக பிரேக் பிடிக்கும்போது பாரமெல்லாம் முன்சக்கரத்தில்தான் விழுகிறது. எதிரே தண்ணி லாரி வந்து நிற்கும் நேரத்தில் பிரேக் வழுக்கினால், ஜி.பி.எஃப். நாமினி பெயரைச் சரிபார்க்கக்கூட அவகாசம் கிடைக்காது.

உள்ளே என்ன இருக்கிறது? மேலே ஒரு ஃபோர்க் பைப். அது கீழே இருக்கும் அலுமினிய உறைக்குள் (மெக்கானிக் பாஷையில் பாட்டம் கேஸ்) ஏறி இறங்குகிறது. நடுவில் நீளமாக ஒரு ஸ்ப்ரிங், கொஞ்சம் எண்ணெய். பள்ளத்தில் விழுந்தால் ஸ்ப்ரிங் தாங்கும். ஆனால் ஸ்ப்ரிங்குக்கு நிறுத்தத் தெரியாது, ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். எண்ணெய், டேம்பர் ராடு என்கிற மெல்லிய குழாயின் பொடி ஓட்டைகள் வழியாகத் திணறித் திணறிப் போவதால்தான் ஆட்டம் அடங்குகிறது. இப்படி எண்ணெயால் அடக்கும் டெலஸ்கோபிக் ஃபோர்க்கை 1935-ல் பி.எம்.டபிள்யூ. தன் ஆர்-12 வண்டியில் போட்டது. அடிப்படைத் தத்துவம் அப்புறம் பெரிதாக மாறவில்லை. அந்த எண்ணெய் வெளியே வராமல் காவல் காப்பது, ஒரு ரப்பர் வளையம். பெயர் ஆயில் சீல். பைப்பில் ஒட்டிய மணலும் துருப் புள்ளியும் அதன் உதட்டைக் கிழிக்கும்போது ஒழுக ஆரம்பிக்கிறது.

வளையத்தை மாற்றுவது சின்ன வேலைதான். ஆனால் அதுவரை போய்ச் சேர கம்பெனிக்காரன் சில விசேஷ டூல்கள் வைத்திருக்கிறான். அந்த டூல்கள் இல்லாமல் நம் ஊர் மெக்கானிக்குகள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க, எங்கள் தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் நாலு ஞாயிற்றுக்கிழமைகள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பி.காம். படித்தவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். பாலன்ஸ் ஷீட்டைவிட இது சுவாரஸ்யம்.

"ஏண்ணே, கம்பெனி டூலையே வாங்கிட வேண்டியதுதானே?"

"வாங்கலாம் சார். மாடலுக்கு மாடல் வேற வேற டூலு. அதையெல்லாம் மாட்டி வெக்க பக்கத்துக் கடையையும் வாடகைக்கு எடுக்கணும்!"

அவருடைய சுவரில் தொங்கும் 'ஸ்பெஷல் டூல்'களைப் பாருங்கள். உடைந்த மாப் கட்டை ஒன்று. பிளம்பர் விட்டுப்போன பி.வி.சி. பைப். பெரிய ஊசி சிரிஞ்சு, அதன் மூக்கில் டிரிப்ஸ் டியூப். ஒரு கொத்து பால் பாக்கெட் கவர், கழுவிக் காயவைத்தது. முதலில் பார்க்கிறவர்கள் பழைய பேப்பர் கடை என்றுதான் நினைப்பார்கள்.

மாப் கட்டை விவகாரத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலையின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. பாட்டம் கேஸின் அடியில் ஒரு ஆலன் போல்ட் உண்டு. அதுதான் உள்ளே இருக்கும் டேம்பர் ராடைப் பிடித்திருக்கிறது. போல்ட்டைத் திருப்பினால் ராடும் கூடவே சுற்றும். பொண்டாட்டி சொல்லுக்கு நாம் தலையாட்டுவது போல, இந்தப் பக்கம் திருப்பினால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருப்பினால் அந்தப் பக்கம். ராத்திரி வரை திருப்பலாம், போல்ட் வராது!

அண்ணன் முதலில் எந்த டூலையும் தொடவில்லை. ஸ்ப்ரிங் உள்ளே இருக்கும்போதே, பையனை விட்டு ஃபோர்க்கை நன்றாக அமுக்கிப் பிடிக்கச் சொன்னார். ஸ்ப்ரிங்கின் அழுத்தமே ராடைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொள்கிறது. பாதி வண்டிகளில் இதிலேயே போல்ட் 'டக்'கென்று விட்டுவிடுகிறது. மீதி வண்டிகளுக்குத்தான் கட்டை. ஸ்ப்ரிங்கைக் கழற்றிவிட்டு, முனையைக் கூம்பாகச் சீவிய கட்டையை மேலிருந்து விட்டு, சுத்தியலால் இரண்டு தட்டு. ராடின் வாயில் மரம் இறுகிக்கொள்ளும். ஒருவர் கட்டையைப் பிடிக்க, இன்னொருவர் அடியில் ஆலன் கீ போட்டுத் திருப்ப, தீர்ந்தது விஷயம். சில மாடல்களில் ராடின் வாய் ஆறுமுகமாக இருக்கும். அதற்கு, அளவுக்குச் சரியான போல்ட் தலையை நீளக் கம்பியின் முனையில் வெல்டிங் வைத்து ஒரு சாவி செய்து வைத்திருக்கிறார். செலவு இரண்டு டீ, ஒரு மசால் வடை. அந்த டீயில் ஒன்றை வெல்டிங்காரர் குடித்தார், இன்னொன்றை நான்.

அடுத்தது, பழைய சீலை வெளியே எடுப்பது. இங்கேதான் நிறைய பாட்டம் கேஸ்கள் நாசமாகின்றன. பாங்க்கில் வேலை பார்க்கும் என் நண்பன், வேறு எங்கேயோ கொடுத்து வேலை பார்த்த வண்டியோடு வந்தான். புது சீல் போட்டு இரண்டே வாரம், மறுபடி ஒழுகல். அண்ணன் பிரித்துப் பார்த்தார். சீல் உட்காரும் பள்ளத்தில் உளி இறங்கிய ஒரு கோடு. அலுமினியம் மெத்தென்ற உலோகம், இரும்பு பட்டால் தழும்பு நிரந்தரம். எத்தனை சீல் மாற்றினாலும் அந்தக் கோடு வழியாக எண்ணெய் வந்துகொண்டே இருக்கும். சின்ன ரப்பர் வளையத்தின் செலவு, பாட்டம் கேஸ் செலவாகிவிட்டது. நண்பனுக்கு அந்த மாச சேவிங்ஸ் காலி.

"இரும்புக்கு இரும்பு எடுத்துக் குத்தினா இதான் சார் கதி" என்றார் அண்ணன்.

அவர் செய்வது இப்படி: முதலில் சீலைப் பூட்டியிருக்கும் கம்பி வளையத்தைக் கழற்றுகிறார். (இதை மறந்துவிட்டு நெம்புகிறவர்களும் உண்டாம்.) கேஸின் மேல் கொதிக்கும் வெந்நீரை ஊற்றுகிறார். அலுமினியம் லேசாக விரிந்து கொடுக்கிறது. விளிம்பில் ஒரு மரத்துண்டை வைத்து, அதன் மேல் டயர் லீவரைச் சாய்த்து நெம்புகிறார். காயம் பட்டால் மரத்துக்குப் படட்டும்!

இதைக் கேட்டதும்தான் அந்தச் சுவரின் சூட்சுமம் எனக்குப் புரிந்தது. அங்கே தொங்கும் எதுவும் அது தொடுகிற பாகத்தைவிடக் கடினமானது இல்லை. வெல்டிங் சாவி மட்டும் விதிவிலக்கு, அது அளவெடுத்துச் செய்தது. மரம், பிளாஸ்டிக், பாலிதீன். ஃபோர்க் பைப்பை வைஸில் பிடிக்கும்போதுகூட பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித்தான் பிடிக்கிறார். பைப் ரென்ச் போட்டு க்ரோமில் பல் பதியப் பிடிக்கிறவர்களைப் பற்றி அவர் சொன்ன வார்த்தையை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது.

புது சீலின் உதடு ரொம்ப நாசூக்கு. பைப்பின் மேல்முனையில் இருக்கும் கூரான விளிம்பு பட்டாலே கிழியும். அதற்குத்தான் பால் கவர். முனையில் கவரைப் போர்த்தி, மேலே ஃபோர்க் ஆயில் தடவி, சீலை வழுக்கி இறக்கிவிட்டுக் கவரை உருவிவிடுகிறார். பிறகு புது சீலின் தலையில், ஒரு பக்கம் வெட்டிவிட்ட பழைய சீலை வைத்து, பைப்பைவிட நீளமான பி.வி.சி. குழாயை மாட்டி, சுற்றிச் சுற்றிச் சமமாகத் தட்டுகிறார். சத்தம் மாறும்போது சீல் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். வெட்டிய பழைய சீலை விரலாலேயே எடுத்துவிடலாம். செத்த சீலுக்கும் கடைசியாக ஒரு உத்தியோகம்!

சிரிஞ்சு எதற்கு? எண்ணெய் அளவுக்கு. 'கொஞ்சம் தாராளமா ஊத்துப்பா' என்று நம்மில் சிலர் சொல்வோம். கூடாது. அதிகமானால் உள்ளே காற்றுக்கு இடமில்லாமல் ஃபோர்க் கட்டையாகும், புது சீலும் பிதுங்கும். ஸ்ப்ரிங்கை எடுத்துவிட்டு, ஃபோர்க்கை முழுக்க அமுக்கி, மேல்முனையிலிருந்து எண்ணெய் மட்டம் எத்தனை மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும் என்று சர்வீஸ் மேனுவலில் போட்டிருப்பான். அந்த நீளத்துக்கு டிரிப்ஸ் டியூபை அளந்து உள்ளே விட்டு உறிஞ்சினால், அதிகப்படி எண்ணெய் மட்டும் சிரிஞ்சுக்குள் வரும். காற்று உறிஞ்ச ஆரம்பித்தால் மட்டம் சரி. இரண்டு கால்களிலும் ஒரே அளவு. டெபிட்டும் கிரெடிட்டும் டேலி ஆகவேண்டும் ஸ்வாமி!

எல்லாவற்றுக்கும் சீல் மாற்ற வேண்டும் என்பதில்லை. சில சமயம் சீலின் உதட்டில் மணல்துகள் சிக்கியிருக்கும், அவ்வளவுதான். டஸ்ட் சீலை மேலே தூக்கி, பழைய ஃபிலிம் நெகட்டிவ் துண்டையோ எக்ஸ்ரே துண்டையோ பைப்புக்கும் சீலுக்கும் நடுவே விட்டு ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தால் மணல் வெளியே வந்துவிடும். ஒழுகல் நின்றாலும் நிற்கலாம். அப்பா அம்மா கல்யாண நெகட்டிவைத் தொட வேண்டாம், எக்ஸ்ரே போதும்.

அண்ணன் கைவைக்க மறுக்கிற இடங்களும் உண்டு. விபத்தில் வளைந்த பைப்போடு ஒருவர் வந்து, "லேத்ல குடுத்து நிமித்திடலாமா?" என்றார். "வேற பைப் வாங்கிட்டு வா தம்பி. நிமிர்ந்த மாதிரி இருக்கும், என்னிக்கு மடங்கும்னு அதுக்கே தெரியாது" என்று அனுப்பிவிட்டார். புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய பைப் வாங்குகிறேன் என்றவரிடம், கண்ணாடி மேஜையில் உருட்டிப் பார்த்து வாங்கச் சொன்னார். தள்ளாடினால் வேண்டாம். புது மாடல்களில் வருகிற தலைகீழ் ஃபோர்க்குகளையும் கம்பெனி சர்வீஸுக்கே அனுப்புகிறார். போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்க மட்டும், காசு கொடுத்து வாங்கிய டார்க் ரென்ச். அதற்கு மாற்றாக வீட்டில் எதுவும் கிடையாதாம்.

நீங்களே செய்யப் போகிறீர்களா? வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டையோ ஜாக்கியோ கொடுத்து முன்பக்கத்தை அசையாமல் தூக்கி நிறுத்திய பிறகே ஸ்பேனரைத் தொடுங்கள். மேல்மூடியைக் கழற்றும்போது முகத்தை நேர்மேலே நீட்டாதீர்கள். ஸ்ப்ரிங் அமுங்கி இருக்கிறது, மூடி துள்ளும். அடிபோல்ட்டின் தாமிர வாஷரைப் புதிதாகப் போடுங்கள். பூட்டி முடித்ததும் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பத்துப் பதினைந்து தடவை அமுக்குங்கள். பைப்பைத் துடைத்து, ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு நியூஸ்பேப்பர் விரித்து வையுங்கள். காலையில் பேப்பரில் பொட்டுப் பொட்டாக எண்ணெய் இருந்தால் அன்றைக்குப் பஸ்ஸில்தான் ஆபீஸ்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது சுவரில் மாப் கட்டையைக் காணோம். "அக்கம்பக்கத்து மெக்கானிக் யாரோ கடன் வாங்கிட்டுப் போயிட்டான் சார். உங்க வீட்ல உடைஞ்சது ஏதாச்சும் இருக்கா?" என்றார் அண்ணன். வீட்டில் கேட்டேன். உடையாததுதான் இருக்கிறதாம், அதுவும் எனக்காகவே வைத்திருக்கிறார்களாம்.