முட்டைக் கோழிக்கு அரைத் தீன் போதுமா?

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது எமது முன்னோர் வாக்கு. முட்டைக் கோழி வளர்ப்போர் முதலில் மனதிற் கொள்ள வேண்டியதும் இதுவே. கோழி ஒன்றுமில்லாமையிலிருந்து முட்டையை உண்டாக்குவதில்லை. அது தின்ற தீனே முட்டையாகிறது. தீனிற் குறைந்தது முட்டையிலும் குறையும். அல்லது கோழியின் உடம்பிலிருந்து எடுக்கப்படும்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டதைத் தொடர்ந்து சோளச் செய்கை பாதிக்கப்பட்டது. 2022இல் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் தீன் மூலப்பொருட்களைப் போதியளவு இறக்குமதி செய்ய முடியவில்லை. கோழித்தீனின் விலை கடுமையாக ஏறியது. அவ்வாண்டு ஆகஸ்டில் அரசாங்கம் வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என உச்ச விலை விதித்தது. 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை கொண்டுவர வேண்டியதாயிற்று. சிறு வளர்ப்பாளர் பலர் தொழிலைக் கைவிட்டனர். தீன் விலை ஏறும்போதெல்லாம், பாதித் தீனும் பாதித் தவிடுமாகக் கலந்து நாளைக் கடத்தலாமே என்ற எண்ணம் கண்டிப் பகுதிக் கிராமங்களிலும் தோட்ட லயங்களிலும் எழுவது இயல்பு. அதனால் என்ன நேரும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒரு முட்டையின் கணக்கு

நல்ல இனக் கோழியொன்று நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம் வரை தீன் தின்னும். முட்டைக் கோழித்தீனில் சுமார் 16 முதல் 18 வீதம் புரதமும், 3.5 முதல் 4 வீதம் கல்சியமும் இருக்க வேண்டும். அதாவது, ஒரு நாளைத் தீனில் ஏறக்குறைய 4 கிராம் கல்சியம் உண்டு. இதில் பாதியளவே உடம்பிற் சேரும். ஒரு முட்டையின் ஓட்டுக்குத் தேவையானதும் சுமார் 2 கிராம்தான். வரவும் செலவும் சரி.

பாதிக்குப் பாதி தவிடு கலந்தால் என்னவாகும்? தவிட்டில் கல்சியம் மிகச் சொற்பம். வரவு 1 கிராமாகக் குறையும். செலவோ 2 கிராம். மீதியைக் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். அதன் எலும்புக்கூடு முழுவதிலும் சுமார் 20 கிராம் கல்சியமே உண்டு. இந்தக் கடன் எத்தனை நாளைக்கு ஓடும்? முதலில் ஓடு மெலியும், பின்னர் தோல்முட்டை விழும், முட்டை நிற்கும், இறுதியிற் கோழி கால் தளர்ந்து படுத்துவிடும். இதைத் தொற்றுநோய் என்று எண்ணி மருந்துக்கும் பணம் செலவிடுவோர் உண்டு.

தீனில் இருக்க வேண்டியவை

1. சக்தி: சோளம், குறுணல் அரிசி, தவிடு என்பன சக்தி தருவன. மஞ்சட் சோளம் கருவுக்கு நிறமும் கொடுக்கும்.

2. புரதம்: சோயாப் புண்ணாக்கும் மீன்தூளும் சிறந்தவை. தேங்காய்ப் புண்ணாக்கில் சுமார் 20 வீதம் புரதம் இருந்தாலும், லைசின் என்னும் கூறு அதிற் குறைவு. எனவே தனியே அதை நம்பியிருக்க முடியாது. உப்புக் கருவாட்டுக் கழிவை அதிகம் போட்டால் உப்பே நஞ்சாகும்.

3. கல்சியம்: சிப்பித்தூள் அல்லது சுண்ணாம்புக்கல் குறுணியைத் தனிப் பாத்திரத்தில் மாலையில் வைப்பது நன்று. முட்டை ஓட்டின் பெரும்பகுதி இரவிலேயே உருவாகின்றது. வீட்டு முட்டை ஓடுகளையும் அவித்து, உலர்த்தி, நன்கு இடித்துக் கொடுக்கலாம். முழு ஓடாகப் போட்டால் முட்டை கொத்தித் தின்னும் பழக்கம் வரும். ஓர் எச்சரிக்கை: திகனைப் பகுதியில் வெட்டியெடுக்கப்படும் டொலமைற், தேயிலை மண்ணுக்கு நல்லதாயினும் கோழிக்கு உகந்ததன்று. அதிலுள்ள மக்னீசியம் கழிச்சலை உண்டாக்கி, ஓட்டின் தரத்தையும் கெடுக்கும்.

4. தண்ணீர்: முட்டையில் முக்காற் பங்கு நீர். பத்துக் கோழிகளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது இரண்டரை லீற்றர் சுத்தமான நீர் வேண்டும்; வெயில் நாட்களில் இன்னும் கூடுதலாக வேண்டும்.

வயதுக்கேற்ற தீன்

முதல் எட்டு வாரங்கள் குஞ்சுத் தீனும், பின்னர் சுமார் 18 வாரம் வரை வளரும் கோழித் தீனும், அதன்பின் முட்டைக் கோழித் தீனும் கொடுக்க வேண்டும். முட்டைக் கோழித் தீனை வளரும் பருவத்திலேயே நெடுநாள் கொடுத்தால், மிகையான கல்சியம் சிறுநீரகத்தைப் பழுதாக்கும்.

பூஞ்சணம் பிடித்த தீன்

எமது மலைப்பிரதேச மழைக்காலத்தில் தீன் விரைவில் ஈரலிக்கும். பூஞ்சணம் பிடித்த சோளத்திலும் புண்ணாக்கிலும் அஃபிளாடொக்சின் என்னும் நஞ்சு உண்டாகலாம். இது ஈரலைத் தாக்கும். வெயிலில் உலர்த்துவதால் இந்நஞ்சு முற்றாக நீங்காது. தீன் மூட்டையைச் சுவரோடு சேர்க்காமல் பலகை மேல் வையுங்கள். இரண்டு, மூன்று வாரங்களுக்குப் போதுமானதை மட்டும் வாங்குங்கள். தவிட்டிலுள்ள எண்ணெயும் சில வாரங்களிற் சிக்கலெடுக்கும். மணத்தைக் கொண்டே அறியலாம்.

செலவைக் குறைக்கும் நேர்வழி

கீரை, முருங்கையிலை, அசோலா என்பவற்றைத் தீனுக்கு மேலதிகமாக, சிறிதளவு கொடுக்கலாம். கருவின் நிறம் மேம்படும். இப்பில் இப்பில் இலையில் மிமோசின் என்னும் நஞ்சு உள்ளதால், உலர்ந்த தூளாக, மொத்தத் தீனில் 5 வீதத்துக்கு மேற்படாமற் சேர்க்க வேண்டும். தீன் பாத்திரத்தை மூன்றிலொரு பங்கே நிரப்பினால் சிந்துவது குறையும்.

இவற்றிலும் முக்கியமானது, முட்டையிடாத கோழியை இனங்காண்பது. முட்டையிடும் கோழியின் கொண்டை சிவந்து மிருதுவாக இருக்கும். பின்புற இடுப்பெலும்புகளுக்கிடையே இரண்டு, மூன்று விரல்கள் நுழையும். கொண்டை சுருங்கி, ஒரு விரல் நுழையவும் இடமில்லாத கோழி முட்டையிடுவதை நிறுத்தியுள்ளது. அது இறகுதிர்க்கும் காலமா, நோயா, முதுமையா என்று பார்த்து முடிவெடுங்கள். ஐயமிருப்பின் உங்கள் பிரதேச அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகத்தை நாடுங்கள்.

கையிலுள்ள பணம் ஆறு கோழிகளின் தீனுக்கே போதுமென்றால், பத்துக் கோழிகளை அரை வயிற்றோடு வைத்திருப்பதில் இலாபமில்லை. முழுத் தீன் தின்னும் ஆறு கோழிகள் நாளொன்றுக்கு நான்கைந்து முட்டைகளாவது தரும். அவற்றில் இரண்டைப் பிள்ளைகளின் தட்டில் வைத்துவிட்டு, மீதியை விற்றுத் தீன் வாங்கலாம். அரைத் தீன் தின்னும் பத்துக் கோழிகளோ நாளடைவில் முட்டையும் தரமாட்டா; விலைக்கும் போகமாட்டா.