அழும் குழந்தையும் பதறும் தாயும்



நீண்ட நேரம் தொழுவிக்கும் எண்ணத்துடன் தொழுகையில் நின்ற அண்ணல் நபி (ஸல்) அவர்கள், குழந்தையின் அழுகுரல் கேட்டால் தொழுகையைச் சுருக்கிக் கொள்வார்கள். தாயின் உள்ளம் படும் வேதனையை அறிந்திருந்ததே அதற்குக் காரணம் (புகாரி, முஸ்லிம்). அத்தாயைக் கடிந்து கொண்டதாக அதில் இல்லை என்பது சிந்திக்கத்தக்கது.

நம் இல்லங்களில் நடப்பதென்ன? "பிள்ளையை அமர்த்தத் தெரியாதா?" என்று தாயே குற்றவாளியாக்கப்படுகிறாள்.

பசி, ஈரத்துணி, வயிற்றில் காற்று, வெக்கை, எறும்புக்கடி, விரலில் சுற்றிய முடி ஆகியவற்றை முதலில் பாருங்கள். மார்போடு அணைத்து நடங்கள். மெல்லிய குரலில் திருமறை ஓதுங்கள். அதன் பின்னரும் குழந்தை அழலாம். பிறந்த 2 வாரங்களில் கூடத் தொடங்கும் அழுகை, 6 முதல் 8 வாரங்களில் உச்சமடைந்து, 3, 4 மாதங்களில் தணியும். அந்நாட்களில் ஆரோக்கியமான குழந்தைகூட ஒரு நாளில் 2, 3 மணி நேரம், குறிப்பாக மாலையிலும் முன்னிரவிலும் அழுவதுண்டு. இது தாயின் குறையன்று.

உறக்கமிழந்து சோர்ந்த இவ்வேளையில்தான் ஷைத்தான் சினத்தை மூட்டுகின்றான். எந்நிலையிலும் குழந்தையைப் பிடித்துக் குலுக்காதீர்கள். பச்சிளங் குழந்தையின் தலை கனமானது, கழுத்தோ வலுவற்றது. சில நொடிகள் குலுக்கினாலும் மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அறுந்து, பார்வையிழப்போ வலிப்போ மரணமோ நேரலாம்.

சினமுற்றவர் நின்றிருந்தால் அமர வேண்டும். அதிலும் தணியாவிடில் படுக்க வேண்டும் என்பது நபிவழி (அபூதாவூத்). அவ்வாறே சினம் மேலிட்டால், தலையணையோ தளர்ந்த துணிகளோ இல்லாத பாதுகாப்பான இடத்தில் குழந்தையை மல்லாத்திப் படுக்க வைத்துவிட்டு, 5 அல்லது 10 நிமிடம் விலகியிருங்கள். உளூச் செய்யுங்கள், உறவினரை அழையுங்கள், மனம் அமைதியுற்றதும் திரும்புங்கள். இது இரக்கமின்மையன்று, அமானிதத்தைக் காக்கும் செயல்.

குழந்தைக்கு ஓதி ஊதும்படி எம்மிடம் வருவோருக்காக துஆச் செய்கிறோம். ஆயினும் ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல். 3 மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல், எந்தக் குழந்தைக்கும் பால் குடியாமை, பச்சை நிற வாந்தி, வலிப்பு, மூச்சுத்திணறல், துவண்டு கிடத்தல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். மருத்துவர் சொல்லாத தூக்க மருந்து எதையும் புகட்டாதீர்கள். தாய் ஓயாது கலங்கினாலோ, குழந்தைக்குத் தீங்கிழைத்து விடுவோமோ என அஞ்சினாலோ, அது ஈமானின் குறைவன்று, சிகிச்சைக்குரிய நோய்.

தந்தையரே! ஒரு தாயின் பதற்றத்திற்காக நம் நபி (ஸல்) அவர்கள் தொழுகையையே சுருக்கினார்கள். இஷாவுக்குப் பின் கடைத்தெருவில் பேசும் பேச்சையேனும் நாம் சுருக்கலாகாதா? இன்றிரவு குழந்தையை நீங்கள் ஏந்துங்கள். அவள் சற்று உறங்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களில் இரக்கத்தையும் பொறுமையையும் நிரப்புவானாக! ஆமீன்.