ஒரு கரை, இரண்டு காற்று
கரையோரக் காலங்கள் – 6

தென்மேற்குப் பருவம் புத்தளத்துக்குக் காற்றைத்தான் அனுப்புகிறது, மழையை அல்ல. வைகாசி, ஆனி மாதங்களில் களுத்துறையும் இரத்தினபுரியும் வெள்ளத்தில் நிற்கும்போது கற்பிட்டிக் குடாநாட்டில் வானம் நீலமாகக் கிடக்கும். மேகத்தை மறித்து மழையாக்க இங்கே மலை இல்லை. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைக் கூட்டினாலும் கொழும்பில் பெய்வதில் பாதியை ஒட்டித்தான் வரும். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும்.

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியில், நுரைச்சோலையையும் தலவிலையையும் தாண்டி வருகிறது எத்தாளை. மேற்கே ஆலங்குடாக் கரையும் திறந்த கடலும். கிழக்கே 300 சதுர கிலோமீற்றருக்கு மேல் விரிந்த புத்தளம் களப்பு. நடுவில் மணல், தென்னை, பனை, வெங்காயமும் மிளகாயும் விளையும் தோட்டங்கள். இரண்டு நீருக்கு நடுவே இப்படி ஒடுங்கிக் கிடப்பதால், எந்தப் பருவத்திலும் ஏதாவது ஒரு பக்கம் மனிதரை வெளியே அழைத்துக்கொண்டே இருக்கிறது. எந்தப் பக்கம் என்பதைக் காற்றிடம்தான் கேட்க வேண்டும்.

மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் வீசும். அதன் தொடர்ச்சியை நம்பித்தான் 2010ஆம் ஆண்டளவில் மாம்புரிப் பக்கம் காற்றாலைகள் எழுந்தன. அதே தொடர்ச்சியை நம்பித்தான் ஐரோப்பாவிலிருந்து கைட் சேர்ஃபிங் வீரர்களும் வருகிறார்கள். காலைப் பலகையில் பூட்டி, இடுப்பில் கட்டிய வாரில் பெரிய பட்டமொன்றை மாட்டிக்கொண்டு நீர்மேல் வழுக்கிச் செல்லும் விளையாட்டு இது. கயிறுகள் இருபது மீற்றருக்கு மேல் நீளும். மணிக்கு முப்பது, நாற்பது கிலோமீற்றர் வேகத்தில் காற்று விடாமல் அடித்தால் ஆள் பறப்பார். விட்டுவிட்டு அடித்தால் பட்டம் நீரில் விழும். விழுந்த பட்டத்தை மறுபடி கிளப்புவதுதான் ஆதிநாளில் பெரும்பாடாக இருந்தது. புரூனோ, டொமினிக் லெகெனு என்ற பிரெஞ்சுச் சகோதரர்கள் காற்றடைத்த விளிம்போடு பட்டம் செய்து 1984இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். விளிம்பு மிதந்ததால் பட்டம் எழுந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கைட் பந்தயம் முதன்முறையாக இடம்பெற்றது. போட்டிகள் மார்செய் நகரக் கடலில் நடந்தன.

கற்பிட்டியை உலகக் கைட்காரர்கள் தேடுவதற்குக் காற்று மட்டுமே காரணம் என்றால் இலங்கையின் மேற்குக் கரை முழுவதும் அவர்கள் நிறைந்திருக்க வேண்டும். குடாவவிலும் கப்பலடியிலும் கடலுக்கும் உள்நீருக்கும் இடையே தாழ்ந்த மணல் திட்டு ஒன்று நீண்டு கிடக்கிறது. அலை அதில் மோதி நின்றுவிடும். காற்று மேலாகக் கடந்து வந்துவிடும். ஆகவே திட்டுக்கு அப்பால் கடல் குமுறிக்கொண்டிருக்க, இப்பால் நீர் தட்டையாகக் கிடக்கும், காற்றோ முழு வேகத்தில் இருக்கும். பழகுகிறவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைப்பது அரிது.

இந்தப் பள்ளிக்கூடத்தில் இன்று கற்றுக்கொடுப்பவர்களில் பலர் இந்தக் கரையில் பிறந்த இளைஞர்கள். காற்று எப்போது ஏறும், எப்போது திரும்பும் என்பதைக் கடலோடும் குடும்பத்துப் பிள்ளைக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒரு கவலையைச் சொல்லாமல் இருக்க முடியாது. சுற்றுலாத் திட்டங்கள் குடாநாட்டையும் அதன் 14 தீவுகளையும் குறிவைத்து வரையப்பட்ட நாளிலிருந்தே, கரைக்குப் போகும் பாதைகளும் வாடி போடும் இடங்களும் தம் கையைவிட்டுப் போய்விடுமோ என்று மீனவர்கள் அஞ்சிவந்திருக்கிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. வலை காயும் இடமும் பிள்ளைகள் நீந்தும் இடமும் வேலிக்குள் போய்விட்டால், அந்த வளர்ச்சியில் எத்தாளைக்கு என்ன பங்கு? வெளிநாட்டவர் விளையாடும் நீரில் உள்ளூர்ச் சிறுமி ஒருத்தி பலகையில் ஏறி நிற்க வழி இருக்க வேண்டும். அதற்குப் பயிற்சிப் பள்ளிகளும் பிரதேச சபையும் மனம் வைக்க வேண்டும்.

மார்கழிக்குள் காற்று முகம் மாற்றிக்கொள்கிறது. வாடை வடகிழக்கிலிருந்து, அதாவது தரையிலிருந்து கடலை நோக்கி வருகிறது. கரையோர அலை அடங்கிவிடும். சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள் வந்து தீவுகளில் வாடி போடுவது இந்தக் காலத்தில். ஆலங்குடாவிலிருந்தும் கண்டக்குழியிலிருந்தும் விடிந்ததும் படகுகள் டொல்பின்களைத் தேடிப் புறப்படுவதும் நவம்பர் முதல் மார்ச், ஏப்ரல் வரையான இதே மாதங்களில்தான். உடலை அச்சாக்கிச் சுழன்றபடி நீருக்கு மேலே எழும்பும் இனம் இங்கே நூற்றுக்கணக்கில் கூட்டமாகத் திரியும். இரவெல்லாம் ஆழ்கடலில் சிறுமீனும் கணவாயும் தின்றுவிட்டுப் பகலில் ஓய்வெடுக்கும் உயிர்கள் அவை. பத்துப் படகுகள் சூழ்ந்து விரட்டினால் அந்த ஓய்வு போய்விடும். எஞ்சினைத் தணித்து, பக்கவாட்டில் சற்றுத் தள்ளியே ஓட்டும் படகோட்டியைத் தேர்ந்தெடுப்பது பயணியின் கையில் இருக்கிறது. பொறுமையாக இருந்தால் டொல்பின்கள் தாமாகவே படகின் முன்னணியத்துக்கு வந்து கூட ஓடுவதுண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. கச்சான் காலத்துக் கடல் தன் மூர்க்கத்தை வெளியே காட்டிவிடும். பார்த்தவுடனே யாரும் பின்வாங்குவார்கள். வாடைக் காலைக் கடல் அப்படியல்ல. குளம்போலத் தெரியும் அந்த நீரில் ரப்பர் வளையத்தில் மிதக்கும் குழந்தையைத் தரைக்காற்று சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போகும். கடலை அமைதியாக்கும் அதே காற்றுதான் அந்த ஆபத்தையும் கொண்டுவருகிறது. காற்றடைத்த மிதவைகளை இந்த மாதங்களில் கடலுக்கு எடுத்துச் செல்லாமல் இருப்பதே நல்லது.

காற்று மேலும் தணிந்து நீர் தெளியும் பெப்ரவரி, மார்ச் மாதங்கள் முகமூடி அணிந்து பவளத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கானவை. குடாநாட்டின் மேற்கே உள்ள பார் ரீஃப் 1992இல் கடல்சார் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1998இல் கடல் சூடேறியபோது அதன் ஆழங்குறைந்த பகுதிகளில் பவளம் வெளுத்துப் பெருமளவில் மடிந்தது. தேறிவந்த பின், 2016இல் மறுபடி அடி விழுந்தது. மீண்டு துளிர்ப்பதன் மேல் கால் வைக்காமல், நங்கூரம் போடாமல் பார்த்துவிட்டு வர வேண்டும்.

ஐப்பசியும் கார்த்திகையும் மட்டும் யாருக்கும் பிடிகொடுக்காத மாதங்கள். காலையில் வெயில், பிற்பகலில் இடி. திறந்த களப்பில் நிற்கும் மனிதர்தான் அப்போது சுற்றுவட்டத்தில் மிக உயர்ந்த பொருள். இடி கேட்டால் கரையேறிவிட வேண்டும். அதற்காக வீட்டுக்குள் அடைந்து கிடக்கவும் வேண்டாம். வடக்கேயிருந்து வலசைப் பறவைகள் களப்போரச் சேற்றிலும் உப்பளங்களிலும் வந்திறங்கும் பருவம் இது. ஒரு தொலைநோக்கியும் குடையும் போதும்.

உள்ளூர்க் குடும்பங்களின் மிகப் பழைய வெளியுலாவோ இவற்றில் எதுவுமில்லை, தலவிலைத் திருவிழாதான். புனித அன்னாள் ஆலயத்துக்கு ஆண்டில் இருமுறை, மார்ச்சிலும் ஓகஸ்டிலும், நாட்டின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் சிங்களவரும் தமிழரும் பெருந்திரளாக வருகிறார்கள். மரநிழலில் கூடாரம் அடித்து, சட்டி பானையோடு நாள்கணக்கில் தங்குகிறார்கள். மார்ச் விழாவில் கடல் அடங்கியிருக்கும். பிள்ளைகள் கரையோரம் கால் நனைக்கலாம், அப்போதும் பெரியவர் ஒருவர் கூட நிற்க வேண்டும். ஓகஸ்ட் விழா கச்சானின் உச்சத்தில் வருகிறது. அப்போது கடலில் குளிக்கப் பிடிவாதம் செய்யாமல், பிற்பகலில் வாகனத்தைக் குடாவப் பக்கம் திருப்பினால் நாற்பது, ஐம்பது பட்டங்கள் ஒரே வானில் குறுக்கும் நெடுக்கும் ஓடுவதைக் கரையில் நின்றபடி பார்க்கலாம். அதற்குக் கட்டணம் ஏதும் இல்லை.

இதே இரண்டு காற்றும் மன்னார் வளைகுடாவைக் கடந்து எதிர்க்கரையிலும் வீசுகின்றன. அங்கே இராமேசுவரத் தீவில், ஒரு காற்றுக்கு ஒரு பக்கமும் மறு காற்றுக்கு மறு பக்கமுமாக இடம் மாற்றிக் கைட் பழகுகிறார்கள். அடுத்த வாரம் அந்தக் கரைக்குப் போவோம்.