ஊர் என்று பெயர் பெறாத ஊர்

'எங்கள் ஊர்' என்னும் தலைப்பைக் கரும்பலகையில் எழுதி, மாணாக்கரைக் கட்டுரை வரையச் சொல்லுவது தமிழாசிரியர் யாவரும் கையாளும் பழைய வழக்கம். அவ்வாறு நான் ஒருநாள் எழுதிவிட்டுத் திரும்பியபோது, தோட்டப் பகுதியிலிருந்து வந்து பயிலும் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, ஊர் என்றால் எந்த ஊர்? தாத்தா சொல்லும் இந்தியாவிலுள்ள ஊரா? நாங்கள் இருக்கும் தோட்டமா?" என்று வினவினான். வகுப்பிற் சிலர் நகைத்தனர். எனக்கு நகை வரவில்லை. சொல்லுக்குப் பொருள் சொல்லுவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, ஊர் என்னும் ஈரெழுத்துச் சொல்லுக்கு அன்று பொருள் சொல்ல இயலவில்லை.

அகப்பொருள் இலக்கணம் வகுத்த நம் முன்னோர், நிலந்தோறும் மக்கள் வாழிடத்துக்கு வேறு வேறு பெயர் இட்டனர். குறிஞ்சிக்குச் சிறுகுடி; முல்லைக்குப் பாடி; மருதத்துக்கு ஊர்; நெய்தலுக்குப் பாக்கம். ஊவா மலைகள் குறிஞ்சி நிலமாதலின், அங்கு வாழும் தமிழரின் இருப்பிடம் சிறுகுடி எனப்படல் வேண்டும். ஆனால் அம்மக்கள் வழங்கும் பெயரோ 'லயம்'. வரிசை எனப் பொருள்படும் 'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லே நாவழக்கில் லயம் ஆயிற்று. வடமொழியில் லயம் என்பது ஒடுங்குதலைக் குறிக்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு குடும்பம் முழுதும் ஒடுங்கி வாழ்ந்தமையால், பொருத்தமான பெயரே என்று அமைதி காண்பாரும் உளர். ஆனால் அச்சொல்லுக்கு அதனினுங் கொடிய பொருளொன்றைக் காட்டிச் சென்றது, பதுளை மாவட்டத்து மீரியபெத்தை.

அப்புத்தளையிலிருந்து இறங்கிப் பெரகலைச் சந்தியில் நெடுஞ்சாலையை அடைந்து கிழக்கே சென்றால் கொஸ்லாந்தை என்னும் சிறுநகர் வரும். மேலுஞ் சிறிது தூரம் சென்றால், 220 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் தியலும நீர்வீழ்ச்சியைக் காணலாம். பயணிகள் நீர்வீழ்ச்சியைப் பார்ப்பர். மலையின் பசுமையை வியப்பர். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பது பழமொழி. அப்பச்சையினுள்ளே, கொஸ்லாந்தைக்கு மேலே பூனாகலை மலைத்தொடரின் சரிவில் இருந்தது மீரியபெத்தை. 'பெத்த' என்னும் சிங்களச் சொல் காட்டைக் குறிக்கும். அக்காட்டைக் கழனியாக்கியவர் நம்மவர்.

1869ஆம் ஆண்டில் இலைநோய் தோன்றிக் கோப்பிப் பயிரை அழித்தபின், இலங்கை மலைகளிலே தேயிலை பரவலாயிற்று. 1893இல் புகையிரதம் அப்புத்தளையை எட்டியது. 1924இல் பதுளையை அடைந்தது. தமிழகத்திலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த குடும்பங்கள் இச்சரிவுகளில் நிலைகொண்டன. ஆடி ஆவணியில் மேற்கிலிருந்து மலைதாண்டி வரும் வறண்ட காற்று, ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தைத் தரும். அம்மணத்தை உலகம் அறியும். கொழுந்து கிள்ளிய கையை அறியாது.

தோட்டத்து நாள் பெரட்டுக்களத்தில் விடியும். ஆண்கள் கவ்வாத்துக்கும் கான்வெட்டுக்கும் பிரிந்து செல்வர். பெண்கள் கூடையுடன் மலையேறுவர். கைக்குழந்தைகள் பிள்ளைக் காம்பராவில் இருப்பர். ஒருநாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். கொழுந்தின் எடை குறைந்தால் 'அரைப்பேர்'. ஒருவனுடைய பெயரையே கூலியாக அளந்த விந்தை வேறு எந்நாட்டு வழக்கில் உண்டோ அறியேன். பொழுது சாய்ந்தபின் அவர்கள் உழவர் ஆவர். லயத்துக்குப் பின்னாலுள்ள சிறு பாத்திகளிற் போஞ்சியும் கோவாவும் கிழங்கும் செழிக்கும். மாட்டுப்பட்டியிற் கன்று கத்தும். மாசி மாதத்திற் காமன் கூத்து நடைபெறும். கோயில் உண்டு, தேர் உண்டு, திருவிழா உண்டு. ஓர் ஊருக்கு வேண்டுவன யாவும் உண்டு. நிலவுரிமை ஒன்றுதான் இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாட்டுரிமையும் இல்லாதாயிற்று. 1964இல் இரு அரசுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் பல்லாயிரவர் கடல் கடந்தனர். எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பெரிதும் தீர்ந்தது.

2014ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். ஊவாவுக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஐப்பசி கார்த்திகை அடைமழை என்பது அங்கே வாய்ச்சொல் அன்று, வாழ்க்கை. மேலே செங்குத்தான பாறை. கீழே, முற்காலங்களிற் சரிந்து படிந்த தளர்ந்த மண். அம்மண்ணின்மேல் லயங்கள். நாட்கணக்காகப் பெய்த மழைநீர் மண்ணினுட் புகுந்து, மண்ணைப் பாறையோடு பிணித்திருந்த பிடியை நெகிழ்த்தது. தீபாவளி கழிந்து ஏழாம் நாள், ஒக்டோபர் 29, புதன்கிழமை காலை ஏழரை மணியளவில் மலை இறங்கிவந்தது. சில நிமிடங்களில் லயங்களும் கோயிலும் மண்ணுள் மறைந்தன. பள்ளிக்குச் சென்ற பிள்ளைகள் பலர் பிழைத்தனர். மாலையில் அவர்கள் திரும்புதற்கு வீடும் இல்லை, சிலருக்குப் பெற்றோரும் இல்லை. முப்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். பலருடைய உடல் இன்றுவரை மீட்கப்படவில்லை. லயம் என்னும் சொல் அன்று வடமொழிப் பொருளை எய்தியது.

அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் முன்னரே எச்சரித்திருந்தது. பின்னர் ஏன் அவர்கள் அகலவில்லை என்று கேட்பது எளிது. அகன்று எங்கே செல்வது? தனக்கென ஒரு பிடி நிலமில்லாதவனிடம் 'இந்நிலத்தை விட்டுப் போ' என்பது, அறிவுரையாகுமே ஒழிய வழியாகாது. எச்சரிக்கை ஒரு தாளில் இருந்தது. வீடு கட்டுதற்குரிய நிலம் எத்தாளிலும் இல்லை. அத்தோட்டத்தின் துயரம் மழையால் மாத்திரம் விளைந்ததன்று.

இதே ஆண்டில், ஆறு கிழமைகள் கழித்து, டிசெம்பர் 12ஆம் நாள், இந்தோனேசியாவின் நடுச் சாவகத்திலே ஜெம்புளுங் என்னும் சிற்றூரும் மலைச்சரிவால் மூடப்பட்டது. பஞ்சார்நெகாரா மாவட்டத்து மலைச்சாரலிற் பயிர்செய்து வாழ்ந்த எளிய மக்களின் குடியிருப்பு அது. நூற்றுவருக்கு அணித்தானோர் மாண்டனர். அங்கும் பலநாள் மழை. அங்கும் நெகிழ்ந்த மண். மழைக்கும் மலைக்கும் நாட்டு வேற்றுமை இல்லை. ஆயினும் வேற்றுமையொன்று உண்டு. அந்நாட்டிற் கிராமத்தைத் 'தேசா' என்பர். நம் தேசம் என்ற சொல்லுக்கு மூலமாகிய வடசொல்லே அங்குச் சிற்றூரின் பெயராயிற்று. அத்தேசாவுக்கு மக்கள் தெரிந்தெடுக்கும் தலைவர் உண்டு. 2014ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கெனத் தனி நிதியையும் வகுத்தது. சாவகத்தில் ஒரு சிற்றூர் தேசம் என்று பெயர் பெற்றிருக்க, இங்கே ஒரு மக்கட்கூட்டம் தேசமும் இன்றி ஊரும் இன்றி நெடுங்காலம் இருந்தது.

1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் கிராமத்துக்குச் செய்யும் பணிகளைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செய்ய இடந்தரவில்லை. தெருவும் விளக்கும் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பென விடப்பட்டன. கடிதங்கூடத் தோட்ட முகவரிக்கே வந்துசேரும். 2018ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அத்தடையை நீக்கிற்று. அவ்வாண்டிலேயே பெருந்தோட்டப் பிராந்தியத்திற்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையும் சட்டத்தால் அமைந்தது. மீரியபெத்தையின் துயரம் நிகழ்ந்து நான்கு ஆண்டுகள் சென்றபின்னரே 'கிராமம்' என்னும் சொல் சட்டத்தின் வழியாக மலையேறியது.

உயிர் பிழைத்தோர் பாடசாலைகளிலும், பின்னர் மாக்கல்தெனியவிலிருந்த கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையிலும் ஏறத்தாழ ஈராண்டு தங்கினர். 2016ஆம் ஆண்டு ஒக்டோபரில் அவர்களுக்கென எழுபத்தைந்து தனிவீடுகள் கையளிக்கப்பட்டன. வரிசை அன்று, வீடு; பொதுச்சுவர் இல்லை, முற்றம் உண்டு. முற்றத்தில் நடும் முருங்கை நாளை தம்முடையதாகவே இருக்கும் என்னும் எண்ணம் சிறிதாகத் தோன்றலாம். ஐந்தாறு தலைமுறை அவ்வெண்ணமின்றி வாழ்ந்தோர்க்கு அது சிறிதன்று. ஆயினும் மலைச்சரிவுகளில் லயங்கள் இன்னும் உள்ளன. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய 'டித்வா' புயலின்போது பதுளை மாவட்டத்து மலைகள் மீண்டும் பல இடங்களிற் சரிந்தன. மீரியபெத்தை கற்பித்த பாடத்தை நாம் முற்றக் கற்றிலோம் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தோட்டத்துப் பிள்ளைகள் 'எங்கள் ஊர்' என்று கட்டுரை எழுத வரும்போது, காவிரியும் வயலும் நிறைந்த வேற்றூர்க் காட்சியைப் பாடநூலிலிருந்து பெயர்த்தெழுத விடாதீர்கள். தங்கள் மலையின் பெயர் யாது, லயத்தைக் கட்டியது எப்போது, கோயிலின் முதற் கல்லை வைத்தவர் யார், மழைநீர் எக்கானிற் செல்லும், எச்சரிவு விரிந்து வருகிறது என்று முதியோரிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அதுவே வரலாறாகும், ஆபத்துக் காலத்திற் காவலுமாகும். மண்ணுட்போன கோயிலின் கதையைச் சொல்லக்கூடிய முதியோர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர்.

அன்று வினா எழுப்பிய மாணவனுக்கு மறுநாள் விடை சொன்னேன்: "உன் பாட்டியும் பாட்டனும் எந்த மண்ணில் உறங்குகிறார்களோ அதுவே உன் ஊர்." அவன் தலைப்பை மாற்றாமலே எழுதினான். முதல் வரியில் தன் தோட்டத்தின் பெயரும், அதனை அடுத்து 'என்பது எங்கள் ஊர்' என்பதும் இருந்தன. அவ்வரியில் நான் சிவப்பு மையால் திருத்துதற்கு ஒன்றும் இல்லை.