பக்கத்து மேஜையையும் பாருங்கள்

2024 ஏப்ரல் 22 விடியற்காலை, டொராண்டோ கேண்டிடேட்ஸ் செஸ் போட்டியின் ஒளிபரப்பு முன்னால் கண்விழித்திருந்த குகேஷ் ரசிகர்கள் குகேஷைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கடைசிச் சுற்றில் நகமுராவுடன் 71 நகர்த்தல்கள் ஆடி டிரா செய்துவிட்டு அவர் எழுந்துவிட்டார். கணக்கில் 9 புள்ளிகள். அதற்கு மேல் அவர் கையில் ஒன்றுமில்லை. பக்கத்து மேஜையில் கருவானாவும் நெபோம்னியாச்சியும் ஆடிக்கொண்டிருந்தார்கள். இருவரும் அந்தச் சுற்றுக்கு 8 புள்ளிகளோடு வந்தவர்கள். அவர்களில் யார் ஜெயித்தாலும் குகேஷோடு சமநிலை, மறுநாள் அதிவேக ஆட்டங்களில் டைபிரேக். கருவானாவுக்கு வெற்றி ஒரு தடவைக்கு மேல் கைக்கெட்டும் தூரத்தில் வந்தது, ஒவ்வொரு தடவையும் நழுவியது. 109 நகர்த்தல்களுக்குப் பிறகு டிரா. நெபோம்னியாச்சி வருத்தம் தெரிவிக்க, தப்பு என்னுடையதுதான் என்றார் கருவானா. குகேஷ் தன் பயிற்சியாளர் கஜெவ்ஸ்கியோடு வெளியே நடக்கப் போயிருந்தார். உலக சாம்பியனுக்குச் சவால் விடும் தகுதியை இவ்வளவு இளம் வயதில் இதுவரை யாரும் பெற்றதில்லை. அந்த 17 வயதுக்காரர் அதைப் பெற்ற நொடியில் பலகை முன்னால் இல்லை.

கேண்டிடேட்ஸ் போட்டியின் குணமே இதுதான். எட்டுப் பேர், ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேரோடும் வெள்ளையில் ஒன்று, கறுப்பில் ஒன்று என்று 14 சுற்றுகள், தினமும் நான்கு ஆட்டங்கள், முதலிடத்துக்கு மட்டுமே மதிப்பு. இதை ஒருவருக்காக மட்டும் பார்த்தால் பாதிக்கு மேல் விளங்காது. நம் ஊடகங்கள் பெரும்பாலும் அப்படித்தான் காட்டுகின்றன: குகேஷ் வெற்றி, பிரக்ஞானந்தா டிரா, வைஷாலி தோல்வி. புள்ளிப்பட்டியலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உலகப் பட்டத்துக்கான இறுதி மோதலில் இது போதும், அங்கே இருப்பது இரண்டே பேர். கேண்டிடேட்ஸில் சவாலாளர் ஒருவரை உருவாக்குவது எட்டுப் பேரின் ஆட்டம். அதனாலேயே, உலகப் பட்ட மோதலைவிட இந்தப் போட்டியே செஸ் ரசிகனுக்கு அதிகம் தருகிறது என்பேன்.

விதித் குஜராத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். டொராண்டோவில் அவர் 6 புள்ளிகளோடு முடித்தார். பட்டப் பந்தயத்தில் கடைசிவரை இருந்தவர் என்று சொல்ல முடியாது. ஆனால் நகமுராவை இரண்டு தடவையும் தோற்கடித்தவர் அவர். நகமுரா முடித்தது 8.5 புள்ளிகளில். அந்த இரண்டில் ஒன்று டிராவாகியிருந்தாலே அவருக்கும் 9 கிடைத்து, டைபிரேக் மேஜை போட வேண்டியிருந்திருக்கும். போதாததற்கு எட்டாவது சுற்றில் குகேஷிடம் விதித் தோற்றும் இருக்கிறார். பெண்கள் பிரிவிலும் இதே கதை. வைஷாலி தொடர்ந்து நான்கு ஆட்டங்கள் தோற்று, அப்புறம் கடைசி ஐந்தையும் தொடர்ந்து ஜெயித்தார். அந்த ஐந்தில் ஒன்று, முதலிடப் பந்தயத்தில் இருந்த லெய் டிங்ஜியை 13ஆவது சுற்றில் வீழ்த்தியது. அதைக் கொண்டு வைஷாலிக்கு முதலிடம் கிடைத்துவிடவில்லை. டான் சோங்யிக்குத்தான் முதலிடத்துக்கு வழி திறந்தது.

இதற்கெல்லாம் உச்சம் 2013 லண்டன் கேண்டிடேட்ஸ். இவான்சுக் அந்தப் போட்டியில் ஐந்து ஆட்டங்களை நேரம் தீர்ந்து தோற்றார். உலகத் தரத்தில் இப்படியொரு கூத்து அபூர்வம். அதே இவான்சுக் 12ஆவது சுற்றில் கார்ல்சனை வென்றார், கடைசிச் சுற்றில் கிராம்னிக்கையும் வென்றார். அன்றைக்கே கார்ல்சனும் ஸ்விட்லரிடம் தோற்றார். இருவரும் 8.5 புள்ளிகளில் சமமாக நிற்க, அதிக வெற்றிகள் என்ற கணக்கில் கார்ல்சன் முன்னேறினார். அந்த நவம்பரில் அவர் சென்னைக்கு வந்து ஆனந்திடமிருந்து பட்டத்தைப் பறித்தார். சென்னையின் அந்தச் சோகத்தில், பட்டியலின் அடியில் கிடந்த இவான்சுக்குக்கும் பங்கு உண்டு.

ரசிகன் என்றால் யாராவது ஒருவர் பக்கம் நிற்பவன்தானே, நடுநிலையாக உட்கார்ந்து பட்டியல் பார்ப்பவன் என்ன ரசிகன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பட்டியலைப் பார்க்கிறவன் பாசத்தை விட்டுவிட வேண்டியதில்லை. ஐபிஎல் லீக்கின் கடைசி வாரத்தில் மற்ற அணிகளின் ஆட்டத்தை நகத்தைக் கடித்தபடி பார்க்கும் சென்னை ரசிகன் யாரைவிடவும் தீவிரமானவன்தான். மேலும், டொராண்டோவில் நம்மவர் பக்கம் நிற்பது அவ்வளவு எளிதாகவும் இல்லை. ஒரே நாட்டு ஆட்டக்காரர்களை முதல் சுற்றுகளிலேயே மோதவிடுவது விதி. இரண்டாவது சுற்றிலேயே குகேஷ் பிரக்ஞானந்தாவை வீழ்த்தினார். இருவரும் சென்னைப் பிள்ளைகள். இருவரையும் நேசித்தவர்களுக்கு அன்று கொண்டாடுவதா வருந்துவதா என்று புரிந்திருக்காது.

அடுத்த ஆட்சேபம் இன்னும் கனமானது. பட்டியலில் பிந்தியவர்கள் முடிவைத் தீர்மானிப்பது நீதியா? குகேஷ் கடைசி இடத்தில் முடித்த அபசோவை இரண்டு தடவையும் வென்றார். அந்த 2 புள்ளிகள் இல்லாமல் முதலிடம் இல்லை. நேருக்கு நேர் மோதும் நாக்அவுட் இதைவிட நேர்மையானதல்லவா? வரலாறு இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. 1962இல் குராசாவோவில் நடந்த கேண்டிடேட்ஸில் பெட்ரோசியன், கெரஸ், கெல்லர் மூவரும் தங்களுக்குள் ஆடிய 12 ஆட்டங்களையும் டிரா செய்துகொண்டார்கள். ரஷ்யர்கள் செஸ்ஸில் சதி செய்துவிட்டார்கள் என்று பாபி ஃபிஷர் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். அடுத்த சுழற்சியிலிருந்து கேண்டிடேட்ஸ் தனித்தனி மோதல்களாக மாறியது. ஆக, எல்லோரும் எல்லோரோடும் ஆடும் சுழல்முறைக்குக் கறை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நாக்அவுட்டின் லட்சணத்தை 2011இல் கசானில் பார்த்தோம். சாதாரண வேக ஆட்டங்களை டிரா செய்துவிட்டு அதிவேக ஆட்டங்களில் முடிவைத் தேடுவது அங்கே ஒரு உத்தியாகவே ஆனது. கிரிஷ்சுக் சாதாரண வேகத்தில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காமல் இறுதிக்கு வந்தார்! அங்கே கெல்ஃபாண்டின் ஒரே வெற்றி முடிவைத் தந்தது. 2013இல் எட்டுப் பேர் ஆடும் சுழல்முறை திரும்பி வந்தது. டிராவால் மட்டும் யாரும் முதலிடம் பெற முடியாத இந்த முறையில், யாரையாவது வென்றே ஆக வேண்டும். அபசோவை வெல்வது எல்லோருக்கும் திறந்திருந்த வாய்ப்பு.

கணினி இருக்கும்போது ரசிகனுக்கு என்ன வேலை என்றும் சொல்வார்கள். ஒளிபரப்பின் ஓரத்தில் ஏறி இறங்கும் கறுப்பு வெள்ளைப் பட்டையைப் பார்த்தால் யார் முன்னணி என்று குழந்தைக்கும் தெரிந்துவிடும். தெரியும், ஆனால் அரைகுறையாக. டொராண்டோவில் பொதுப் பிரிவில் முதல் 40 நகர்த்தல்களுக்கு 2 மணி நேரம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதல் விநாடிகள் கிடையாது. ஏழாவது சுற்றில் ஃபிரௌஜாவிடம் குகேஷ் தோற்றது அந்தக் கடிகார நெருக்கடியில்தான். பட்டைக்குக் கடிகாரம் தெரியாது. அந்தத் தோல்விதான் தனக்கு வேகம் கொடுத்தது என்று பின்னால் குகேஷே சொன்னதும், 13ஆவது சுற்றில் அதே ஃபிரௌஜாவை அவர் வென்றதும் பட்டியலைத் தொடர்ந்து வந்தவர்களுக்கே முழுதாக ருசித்திருக்கும். முதலிடம் தெரிந்த பிறகும் பட்டியலுக்கு வேலை உண்டு. 2022 மாட்ரிட் கேண்டிடேட்ஸில் நெபோம்னியாச்சி 9.5 புள்ளிகளோடு தனியாக ஓடிவிட்டார். இனி என்ன என்று பலர் திரும்பிக்கொண்டார்கள். கடைசிச் சுற்றில் டிங் லிரென் நகமுராவை வென்று இரண்டாமிடம் பிடித்தார். சில நாட்களிலேயே பட்டத்தைக் காக்கப் போவதில்லை என்று கார்ல்சன் அறிவிக்க, அந்த இரண்டாமிடம் உலகப் பட்ட மோதலுக்கான இடமாகிவிட்டது. 2023இல் டிங்தான் சாம்பியன். அவரைத்தான் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் வீழ்த்தினார்.

ஓர் ஆட்சேபத்துக்கு மட்டும் என்னிடம் நல்ல பதில் இல்லை. அந்த எட்டுப் பேர் எப்படி உள்ளே வருகிறார்கள் என்பது அது. 2023 டிசம்பரில், தகுதிக் காலம் முடியப்போகும் நேரத்தில், சென்னையில் அவசரமாக ஒரு கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டி நடந்தது. அதை வென்ற குகேஷுக்கு, உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே தகுதிக்காகக் கணக்கிடும் சர்க்யூட் புள்ளிகள் கைகொடுத்தன. அதே மாதம் பிரான்சில் ஃபிரௌஜாவின் ரேட்டிங்கை உயர்த்தவென்றே தனி மோதல்கள் ஏற்பாடாயின. ஃபிடே அவற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. அவர் ரூவான் நகர ஓபனில் 7 ஆட்டங்களையும் வென்று உள்ளே வந்தார். நாம் முன்னதற்குக் கைதட்டிவிட்டுப் பின்னதைக் கேலி செய்தோம், இது கொஞ்சம் கூச்சப்பட வேண்டிய விஷயம். பிறகு, ரேட்டிங் வழியாக வருபவர் 40 ஆட்டங்களாவது ஆடியிருக்க வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள். 2025இல் நகமுரா லூசியானாவிலும் ஐயோவாவிலும் உள்ளூர்ப் போட்டிகளுக்குப் போய், தன்னைவிட எத்தனையோ படி கீழே இருந்தவர்களோடு ஆடி அந்த எண்ணிக்கையைத் தேடினார். விதிப்படி அதில் ஒரு பிழையும் இல்லை.