வெயிலில் விம்மும் தண்டவாளம்

கோடைக்கால வானிலைச் செய்தியில் திருத்தணியின் பெயர் அடிக்கடி அடிபடும். அந்த வெயிலில் நாளெல்லாம் கிடக்கும் தண்டவாளம், காற்றைவிட இன்னும் பல டிகிரி கூடுதலாகக் கொதிக்கும்.

திருத்தணிக்கு அருகிலுள்ள கனகம்மாசத்திரத்துக்காரர்களுக்கு ரயில் என்றால் திருவாலங்காடு, இல்லாவிட்டால் திருத்தணி. ஏறி உட்கார்ந்ததும் காது கொடுத்துக் கேளுங்கள். பழைய 'தடக் தடக்' ஓசை வெகுவாகக் குறைந்திருக்கும். முன்பு 13 மீட்டருக்கு ஓர் இணைப்பு; வெயிலில் இரும்பு நீள, நடுவே சிறு இடைவெளி. இப்போது அவற்றையெல்லாம் பற்றவைத்து, கிலோமீட்டர் கணக்கில் ஒரே கம்பியாக்கிவிட்டார்கள்.

அப்படியானால் நீளும் இரும்பு எங்கே போகும்? ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் 30 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 35 சென்டிமீட்டர் நீள வேண்டும். நீளவிடாமல் பிடித்துவைத்தால், மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள கம்பி ஒன்றுக்குள் 50 டன்னுக்கும் மேலான அழுத்தம் அடைபட்டு நிற்கும். அதை அடக்கிவைப்பவை கான்கிரீட் ஸ்லீப்பரும், கம்பியை அதில் கவ்வும் கிளிப்பும், சுற்றிக் கொட்டிய ஜல்லியும். ஜல்லியை வெறும் கல் என்று நினைத்துவிடக் கூடாது. ஓரத்து ஜல்லி சரிந்துபோனால், உச்சிவெயிலில் தண்டவாளம் பாம்புபோல் நெளிந்துவிடும். கம்பி கொதிக்கும் நேரத்தில் ஜல்லியைக் கிளறும் வேலைகளைத் தவிர்ப்பது இதனால்தான்.

மார்கழிக் குளிரில் கதை தலைகீழ். கம்பி சுருங்கப் பார்க்கும். பற்றவைத்த இடத்தில் விரிசல் விடலாம்.

கண்ணுக்குத் தெரியாத உள்விரிசலை அல்ட்ராசோனிக் கருவி காட்டும். ஆனால் தளர்ந்த கிளிப்பைத் தட்டி இறுக்குவது தண்டவாளத்தைக் கண்காணிக்கும் ஊழியரான கீமேன்தான். சுத்தியல், ஸ்பேனர், சிவப்பு பச்சைக் கொடிகள், டெட்டனேட்டர்களோடு தன் பகுதியை அன்றாடம் நடந்தே பார்க்கிறார். கம்பி உடைந்திருந்தால் சிவப்புக் கொடியை நட்டுவிட்டு, ரயில் வரும் திசையில் ஓடுவார். 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர், 1,200 மீட்டரில் மூன்று. சக்கரம் ஏறியதும் அவை வெடிக்க, ஓட்டுநர் பிரேக் போடுவார். என் கணக்கில், இந்தப் பாதையின் முதல் பாதுகாப்புக் கருவி அந்த மனிதரின் கண்தான்.

2025 ஏப்ரலில் திருவாலங்காடு நிலையம் அருகே தண்டவாளத்தின் போல்ட், நட்டுகள் கழற்றப்பட்டிருந்தன. அசம்பாவிதம் நடப்பதற்குள் ஊழியர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

ரயில்வே கேட்டில் காத்து நிற்கும்போது விரிசலோ, சரிந்த ஜல்லியோ கண்ணில் பட்டால் கேட்கீப்பரிடம் சொல்லுங்கள். அல்லது 139-ஐ அழையுங்கள்.